அம்மா இல்லாத சிறுவீடு

அந்த வருஷம் தை பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. பொங்கல் வைப்பதா, வேண்டாமா என்பதுதான் சண்டை. வைத்தே ஆக வேண்டும் என்றாள், எங்களோடு வந்து தங்கியிருந்த என் கணவரின் அக்கா. நான் அவளை மதினி என்று கூப்பிடுவேன். வைத்தால் நான் இந்த வீட்டிலேயே இருக்க மாட்டேன் என்றேன். என் கணவர் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. வீட்டில் குரல் உயர்ந்தால் அவருக்குக் கடையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

சண்டைக்குக் காரணம், ஐப்பசி மழையில் எனக்குப் பிறந்த மகன். மாதம் நிறையாமல் பிறந்தவன். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாரம்கூட அவன் இருக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மாமனார் இறந்த வருஷம் வாசலுக்குக் கரும்புகூட வரவில்லை. சொந்தக்காரர்கள்தான் தூக்குவாளியில் பொங்கல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வழக்கத்தை என் மகனுக்கும் வையுங்கள் என்றுதான் நான் கேட்டேன். இந்தச் சாவுக்கு அது பொருந்தாது என்றாள் மதினி.

“பல்லு முளைக்காத பிள்ளைக்கு வருசத் தீட்டு கிடையாதுளா. மூணு நாளோட சரி. அதுக்குப் பொறவு விளக்கேத்தி, பொங்க வச்சு, வீடு வீடா இருக்கணும். இருக்க பிள்ளைக்கு அதான் நல்லது.”

“அப்பம் அவன் செத்தது சாவு இல்லையா மதினி? சளியா, காய்ச்சலா?”

மதினி சோறு வடிக்கப் போய்விட்டாள். அவளிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். திட்டினால் திருப்பித் திட்ட வேண்டும். அவள் சோறு வடிப்பாள்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். தண்ணி லாரிக்காரர்கூட எங்கள் வாசலில் இரண்டாவது தடவை ஹாரன் அடிக்க யோசிப்பார். ஆனால் அந்த மாதங்களில் எனக்கு இருந்தது அந்தக் கோபம் இல்லை. எழுந்து கத்திவிட்டு அடங்குகிற கோபம் என்றால் எனக்கே பழக்கம். இது அடங்கவே இல்லை. காலையில் கண் விழிக்கும்போதே என்னோடு விழித்தது.

அவன் போன அன்று எனக்குக் கடும் காய்ச்சல். வயிற்றைக் கிழித்து எடுத்த இடத்தில் சீழ் வைத்துவிட்டது. நான் மேல் மாடியில் கிடந்தேன், அவன் கீழே பெட்டிக்குள் கிடந்தான். சக்கர நாற்காலியில் வைத்து என்னைக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு உடனே மேலே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஒரு நாள் காலையில் என் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நின்றபடியே இருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாளே எல்லாம் முடிந்திருந்தது. நான் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது என் மகனை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

“எங்க வச்சீங்க? என்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“எல்லாம் முறையாச் செஞ்சாச்சு” என்றார்.

மதினியைக் கேட்டேன். “அதெல்லாம் பேசக்கூடாதுளா” என்றாள். தங்காத பிள்ளையைப் பற்றிப் பெற்றவளிடம் பேசினால் அந்த உயிர் அவள் வயிற்றையே சுற்றிச் சுற்றி வருமாம். அடுத்தது தங்காதாம். நான் அழ ஆரம்பித்தால், “அழாத, தையல் பிரிஞ்சிரும்” என்பாள். தையல் ஆறியது. “அழாத, காய்ச்சல் திரும்பிரும்” என்றாள். காய்ச்சலும் போனது. “அழாத, பிள்ளை பாக்குதுல்லா” என்றாள். அவளிடம் காரணத்துக்குப் பஞ்சமே கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். தொட்டில் கட்டுவதற்கென்று எடுத்துவைத்திருந்த பழைய நூல் சேலை இல்லை. மெத்தென்று இருக்கட்டும் என்று வேட்டியில் வெட்டித் தைத்த குட்டிச் சட்டைகள் இல்லை. எண்ணெய்க் கிண்ணம் இல்லை. பீரோவில் அவை இருந்த தட்டில் என் மகளின் பள்ளிக்கூட யூனிபார்மை அடுக்கி வைத்திருந்தார்கள். யார் வந்தாலும் “பிள்ளை தங்கலையாமே” என்றார்கள். செத்துப்போனான் என்று யாரும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரி, “அடுத்த வருசமே இன்னொண்ணு வந்துரும், கவலைப்படாத” என்றாள். ஒரு பஸ்ஸை விட்டவளிடம் அடுத்த பஸ் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. அவளை அதற்குப் பிறகு நான் வாசற்படி ஏற விடவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்படி ஒருவன் இருந்தான் என்று இந்த வீட்டில் யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பொங்கல் வைக்காமல் இருந்தால் அதுவாவது சொல்லும் என்று நினைத்தேன். ஊரெல்லாம் வாசலில் பானை வைக்கும்போது எங்கள் வாசல் மட்டும் வெறுமனே கிடந்தால், போகிறவர் வருகிறவர் “இந்த வீட்ல யாரு?” என்று கேட்பார்கள் இல்லையா? கேட்கட்டும் என்றுதான் இருந்தேன்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பெல்லாம் நானும் அவளும் துறைமுகம் விளையாடுவோம். தூத்துக்குடிப் பிள்ளைக்கு வேறு என்ன விளையாட்டு தெரியும்? பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் கண்டெய்னர் லாரிதான். தீப்பெட்டிகள்தான் எங்கள் கண்டெய்னர். துணி மாட்டுகிற கிளிப்தான் கிரேன். சோபாதான் கப்பல். அவள் லாரி டிரைவர், நான் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி. “பாஸ் எங்க அண்ணாச்சி?” என்று நான் மறிக்க வேண்டும். “பாஸ் டீ குடிக்கப் போயிருக்கு” என்பாள். தினமும் அதே பதில்தான், தினமும் நான் அதற்குச் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. அவளைக் குளிப்பாட்டினேன், தலை பின்னினேன், ஊட்டினேன். விளையாட மட்டும் முடியவில்லை. “கேட்ல வந்து நில்லும்மா” என்று கையைப் பிடித்து இழுப்பாள். “அம்மாவுக்கு வயிறு வலிக்கு” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் இழுப்பதை விட்டுவிட்டாள். தனியாகவே விளையாடப் பழகினாள். துறைமுகத்தை ஏறக்கட்டிவிட்டுப் பொம்மையை எடுத்துக்கொண்டாள். ஆடி மாதம் மாதா கோயில் திருவிழாக் கடையில் நாங்கள் வாங்கிக்கொடுத்த பொம்மை அது. படுக்கவைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் அந்தப் பொம்மையை ஒரு மக்ரூன் டப்பாவுக்குள் படுக்கவைத்திருந்தாள். பேக்கரியில் தருகிற, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பா. மூடியில் ஓட்டை போட்டு, அதன் வழியாக ஒரு ஸ்ட்ராவைச் செருகியிருந்தாள். மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அறை வாசலில் நின்று பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்த மதினியும் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று அந்த டப்பாவைப் பறித்தாள். பொம்மையை எடுத்து மகளின் கையில் திணித்தாள். டப்பாவைக் காலால் மிதித்து நெளித்து, கொல்லைப்புறம் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

“வெளங்காத வெளையாட்டு” என்றாள்.

நான் அன்று போட்ட சத்தத்தில் தெருவே கூடியிருக்கும். “பிள்ளை வெளையாட்டுலகூட அவன் இருக்கக் கூடாதோ? என் வீட்ல வந்து உக்காந்துக்கிட்டு என் பிள்ளைய அழிச்சித் தொடைக்கீங்களே, நல்லா இருப்பீங்களா?” என்று கேட்டேன். கேட்கக் கூடாத வார்த்தை எல்லாம் கேட்டேன். மதினி வெளியே போய்க் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். என் மகள் அழவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் அருகில் போனால் பொம்மையைத் துண்டுக்குள் சுற்றி மறைத்துக்கொண்டாள்.

மார்கழி வந்தது. எங்கள் பக்கம் மார்கழி முழுக்க வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டை பிடித்து, அதில் பூசணிப் பூவைச் செருகி வைப்பார்கள். வெயில் ஏறியதும் அந்த உருண்டைகளைத் தட்டி வறட்டியாகக் காயவைத்துப் பிள்ளைகள் சேர்த்து வைப்பார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மதினி என் மகளை எழுப்பி, ஸ்வெட்டர் போட்டு, வாசலுக்குக் கூட்டிப் போனாள். அடுத்த தெருவில் மாடு வைத்திருக்கிறவரிடம் சாணி வாங்கினாள். பூவுக்கு மார்க்கெட்டில் சொல்லி வைத்திருந்தாள். உள்ளே படுத்தபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். மகள் எதையாவது சொல்லிச் சிரிப்பாள். மதினியும் சிரிப்பாள். சிரிக்கட்டும் என்று ஒரு மனசு சொல்லும். எப்படிச் சிரிக்கிறார்கள் என்று இன்னொரு மனசு பல்லைக் கடிக்கும்.

பொங்கல் அன்று மதினியே வாசலில் பானை வைத்தாள். நான் சொன்னபடி வீட்டை விட்டுப் போகவும் இல்லை, எழுந்து வெளியே வரவும் இல்லை. என் தட்டில் வைத்த பொங்கல் ஈ மொய்த்துக் கிடந்தது. என் கணவர் ஒரு வாய் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார். பொங்கல் அன்று கடை திறந்து எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அன்று திறந்தார். மார்க்கெட்டே பூட்டிக் கிடக்கும்போது யாருக்குப் பாத்திரம் விற்றாரோ தெரியாது, இருட்டிய பிறகுதான் வந்தார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. என் மகள் வந்து நின்றாள்.

“அம்மா, சிறுவீட்டுப் பொங்கல் எப்பம்மா?”

சிறுவீட்டுப் பொங்கல் பிள்ளைகளுடையது, அதிலும் பெண் பிள்ளைகளுடையது. தை பிறந்த பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து, வாசலிலோ முற்றத்திலோ மண்ணைக் குழைத்துச் சாண் உயரத்தில் சுவர் வைத்து ஒரு வீடு கட்டுவார்கள். அதில் கூடம் உண்டு, அடுப்படி உண்டு, படுக்கிற அறை உண்டு. சுவருக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்து, அந்த வீட்டுக்கு முன்னால் குட்டி அடுப்பு மூட்டி, குட்டிப் பானையில் நிஜமாகவே பொங்கல் வைப்பார்கள். சேர்த்து வைத்த பூ வறட்டியில் சூடம் ஏற்றிச் சாயங்காலம் தண்ணீரில் விடுவார்கள். ஆறு இருக்கிற ஊரில் ஆற்றில் விடுவார்கள். எங்களுக்குக் கடல்.

“இந்த வருசம் கிடையாது” என்றேன்.

அவள் யோசித்தாள். “அது சாமிப் பொங்கல் இல்லம்மா. வெளையாட்டுப் பொங்கல்” என்றாள்.

அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மறுநாள் கடையிலிருந்து வரும்போது என் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பித்தளைப் பானையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். “அத்தையோட வச்சுக்கோ. அம்மா வர மாட்டேன்” என்று மகளிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். நான் வராமலிருப்பது அவளுக்குப் பழகிவிட்டது என்று அப்போது பட்டது. அது எனக்கு வேறு மாதிரி வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினியும் மகளுமாக முற்றத்தில் வீடு கட்டினார்கள். பழுதுபார்க்க வந்த கொத்தனார் மிச்சம் வைத்துவிட்டுப் போன மணலும், எங்கிருந்தோ மதினி கொண்டுவந்த களிமண்ணும் இருந்தன. நான் ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். அடுப்பு மூட்டி, பானை ஏற்றி, அரிசி போட்ட பிறகுதான் வெல்லம் போதாது என்று மதினிக்குத் தெரிந்தது.

“ஏளா, ஒரு எட்டு இங்கன வந்து அடுப்பப் பாத்துக்கோ. பிள்ளை கைய வச்சிரும். நான் கடைக்குப் போயிட்டு ஓடியாறேன்” என்று குரல் கொடுத்துவிட்டு, நான் மறுப்பதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். மகள் என்னைப் பார்த்தாள், பிறகு தன் வீட்டைப் பார்த்தாள். பொம்மையைத் துண்டால் மூடப் போனவள், என்ன நினைத்தாளோ, மூடவில்லை. சிறுவீட்டின் கூடத்தில் வாழை இலைத் துண்டு ஒன்றைப் பாய் மாதிரி விரித்தாள். எங்கள் கடை டவராவில் தண்ணீர் இருந்தது. அதில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பொம்மையின் சட்டையைக் கழற்றினாள். காலை நீட்டி உட்கார்ந்து, கால்களின் மேல் பொம்மையைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றினாள். பச்சைப் பிள்ளைகளை அப்படித்தான் குளிப்பாட்டுவோம். துடைத்தாள். பவுடர் போட்டாள். அடுப்புக் கரியைத் தொட்டுக் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள், உள்ளங்காலில் ஒன்று வைத்தாள். கிழிந்த வேட்டித் துண்டில் கழுத்துவரை சுற்றினாள். அப்புறம் ஒரு பூ இதழைப் பாலில் நனைத்து, பொம்மையின் உதட்டில் ஒரு சொட்டு விட்டாள்.

எங்கள் வீடுகளில் அப்படிப் பால் விடுவது எப்போது என்று எனக்குத் தெரியும்.

“இது யாரு சொல்லித் தந்தா?”

“யாரும் சொல்லித் தரல. அத்தை இப்பிடித்தான் செஞ்சா.”

“எப்பம்?”

“தம்பிய வீட்டுக்குக் கொண்டாந்தாவல்லா, அப்பம்.”

எனக்குத் தெரியாது. அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதே எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகன் இந்த வீட்டு வாசலைப் பார்க்கவே இல்லை என்று எத்தனை தடவை சுவரைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

“நீ ஏன் அம்மாகிட்ட சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னு அத்தை சத்தியம் வாங்கிட்டா.” உடனே அவளுக்குப் பயம் வந்துவிட்டது. “நான் இப்பமும் சொல்லல. வெளையாடத்தான செய்யுதேன்.”

“ஆமா. நீ சொல்லல. வெளையாடத்தான் செய்யுத” என்றேன். படியை விட்டு இறங்கி மண்ணில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். “முதல்ல இருந்து வெளையாடு. அம்மாவும் பாக்கேன்.”

அவள் முகம் மலர்ந்ததை நான் என்ன சொல்ல. எத்தனை நாளைக்குப் பிறகு அம்மா விளையாட வந்திருக்கிறாள். பரபரவென்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். ஒரு தீப்பெட்டி கார். அகப்பை அப்பா. பானை மூடி அத்தை. கார் வாசலில் வந்து நின்றது. “ஹாரன் அடிக்கலம்மா” என்றாள். அப்பா இறங்கவே இல்லையாம். அத்தை போய்க் கதவைத் திறந்தாளாம். “ஏலே, எங்கிட்ட தா” என்றாளாம். அப்பா தரவில்லையாம். காருக்குள்ளேயே ரொம்ப நேரம் வைத்துக்கொண்டு இருந்தாராம். பிறகு அவரே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாராம்.

“அத்தை வெந்நி போட்டா. வெந்நி எதுக்கு அத்தைன்னு நான் கேட்டேன். தம்பிக்குக் குளிரும்லான்னு சொன்னா.”

அவள் அதை ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். என் மனசு அங்கேயே நின்றுவிட்டது. பல் முளைக்காதவன், வருஷத் தீட்டுக்கு ஆகாதவன், அவனுக்குக் குளிரும் என்று வெந்நீர் போட்டிருக்கிறாள்.

“அத்தை அழுதாளா?”

“இல்ல. பாட்டுப் படிச்சா. தம்பி தூங்குத பாட்டு.”

“அப்பா?”

“அப்பா பாயில தம்பி பக்கத்துல படுத்துக்கிட்டாரு.” அகப்பையை எடுத்து இலையில் பொம்மைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். “அத்தை எந்திரிலேன்னு சொன்னா. எந்திரிக்கவே இல்ல.”

“நீ என்ன செஞ்ச?”

“நான் காலைத் தொட்டுப் பாத்தேன். இத்தனூண்டு.” விரலால் அளந்து காட்டினாள்.

என் மகளுக்கு இப்போது எட்டு வயது. இதில் ஒன்றுகூட அவளுக்கு நினைவில்லை. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். சிறுவீடு கட்டியது நினைவிருக்கிறதாம், பொங்கலில் மணல் விழுந்தது நினைவிருக்கிறதாம். அதனால்தான் இதை நான் எழுதி வைக்கிறேன். அவள் விளையாடிக் காட்டியிருக்காவிட்டால் எனக்கு என் மகனைப் பற்றித் தெரிந்தது அந்தக் கண்ணாடிப் பெட்டியோடு நின்றிருக்கும்.

“இதுல அம்மா எங்க?” என்று கேட்டேன். கூடத்தில் அகப்பை இருந்தது, மூடி இருந்தது, மூலையில் அவளுக்கென்று ஒரு குட்டிக் கரண்டி இருந்தது.

“அம்மா இல்ல. அம்மா ஆஸ்பத்திரியில. எப்பமும் அம்மாவ நான் வைக்க மாட்டேன்.” கொஞ்சம் யோசித்தாள். “இன்னைக்குத்தான் நீ இருக்கல்லா. நீயே இரி.”

வேட்டித் துண்டில் சுற்றியிருந்த பொம்மையை, தலைக்குக் கீழே கையைக் கொடுத்து, அலுங்காமல் தூக்கி என் மடியில் வைத்தாள். அது கண்ணை மூடிக்கொண்டது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டில் எனக்கு மறந்துபோனதை எடுத்துக் கொடுப்பது போல் என் மகள் சொன்னாள்.

“இப்பம் நீ அழணும்மா.”

அழுதேன். வாயைப் பொத்தாமல், தலைகாணியைக் கடிக்காமல், முற்றத்தில் பட்டப்பகலில் உட்கார்ந்து, அந்தப் பிளாஸ்டிக் பொம்மையை மாரோடு அணைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்து அழுதேன். எதிர்வீட்டுக்காரி மாடியில் வந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும். என் மகள் முதலில் நான் நன்றாக விளையாடுகிறேன் என்றுதான் நினைத்தாள். பிறகு வந்து என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

நிமிர்ந்தபோது மதினி கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. ஒரு கையில் வெல்லப் பொட்டலம். இலையையும் அகப்பையையும் மூடியையும் பார்த்தாள். அழாத என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். சொன்னால் அன்றைக்கு அவளை என்ன செய்திருப்பேனோ. அவள் சொல்லவில்லை. சேலையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

“வெந்நி போட்டுக் குளிப்பாட்டுனீங்களா மதினி?”

“பின்ன, பச்சத் தண்ணியிலயா பிள்ளையக் குளிப்பாட்டுவாவ?” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “உங்கிட்ட எப்பிடிளா சொல்ல? அவன் போயிட்டான். நீ காய்ச்சல்ல கண்ணு தொறக்காமக் கெடக்க. இவன் பாயில கெடக்கான், எந்திரிக்க மாட்டேங்கான். நான் ஒருத்தி. அவனப் பத்தி ஒரு வார்த்தை வாயில வந்தாலும் நான் ஒடஞ்சிருவேன்ளா. நானும் படுத்துட்டா உங்க ரெண்டு பேருக்கும் யாரு சோறு வைப்பா, பிள்ளைக்கு யாரு தலை பின்னுவா?”

வாய்க்கு வாய் “சவத்த மூதி” என்று திட்டுகிறவள் மதினி. கறிவேப்பிலைக்காரர் முதல் கரண்டு ஆபீஸ் வரை எல்லாரும் அவளுக்குச் சவத்த மூதிதான். ஐப்பசிக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் எங்கள் வீட்டில் சொல்லி நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குட்டிப் பானை பொங்கி வழிந்தது. மகள் ஒருத்தியாகவே பொங்கலோ பொங்கல் என்று கத்தினாள். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெல்லத்தைத் தட்டிப் பானையில் போட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“சொல்லுங்க மதினி. அவன் எப்பிடி இருந்தான்? எனக்கு மூஞ்சியே தெரியாது.”

உண்மையிலேயே தெரியாது. நான் பார்த்த நேரமெல்லாம் முகத்தில் பாதிக்கு மேல் குழாயும் பிளாஸ்திரியும்தான். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால் எனக்கு அந்தப் பிளாஸ்திரிதான் தெரியும்.

மதினி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

“குளிப்பாட்டும்போது அதையெல்லாம் எடுத்துட்டுத்தான் பாத்தேன். முடி நெறைய இருந்துச்சு. நெத்தி உன் மாமனாரு நெத்தி.” அவள் கை என் முகத்தை நோக்கி வந்து பாதியில் நின்றது. “மூக்கு உன் மூக்குளா. அப்பிடியே, அச்சடிச்ச மாதிரி.”

நான் கையை எடுத்து என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன்.